லிஃப்ட்டக்காவின் மூன்றாவது பரீட்சை

முதலில் விடைகளை மூடிவிடுகிறார். அதற்கென்று ஓர் அட்டை வைத்திருக்கிறார். ‘பழுது பார்க்கப்படுகிறது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த, மூலைகள் மழுங்கிப்போன பழைய அட்டை. ஐந்து விடைகளும் அதற்கு அடியில் போன பிறகுதான் கேள்வியைப் படிக்க ஆரம்பிக்கிறார். உதடு அசைகிறது, சத்தம் வருவதில்லை. படித்து முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்க்கிறார். சுவரில் ஒன்றும் இல்லை. பத்து விநாடி, சில சமயம் பதினைந்து. பிறகு அட்டையை மெதுவாகக் கீழே இறக்குகிறார். ஒவ்வொரு விடையாக வெளியே வருகிறது.

“இவன் இல்ல.”

அடுத்தது.

“கிட்ட வர்றான். ஆனா இவனும் இல்ல.”

அடுத்தது.

“இவன் பொய் சொல்லல. கேட்டதுக்குப் பதிலும் சொல்லல.”

நான்காவதில் அட்டை நிற்கிறது. “வா ராசா, உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன்.” ஆனாலும் உடனே கோடு போடுவதில்லை. ஐந்தாவதையும் திறந்து படித்து, அது தப்பு என்று நிச்சயமான பிறகே பென்சில் காதிலிருந்து இறங்குகிறது. அதான் கிடைத்துவிட்டதே, அதையும் ஏன் படிக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “உள்ள ஆள் யாரும் இல்லன்னு பாக்காம மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணலாமாண்ணே?” என்றார்.

எங்கள் கட்டடத்துக்கு ஏழு மாடி, இரண்டு லிஃப்ட். இரண்டையும் பார்த்துக்கொள்கிறவர் இவர். இது போல இன்னும் பதினொரு கட்டடங்கள் இவர் பொறுப்பில் இருக்கின்றன. நாற்பத்து மூன்று வயது. கம்பெனி கொடுத்த நீலநிற முழு உடுப்பு, அதில் எட்டுப் பைகள். இடது தொடைப் பையில் டெஸ்டர், வலது தொடைப் பையில் கேள்விகள். கட்டடத்தில் எல்லோருக்கும் லிஃப்ட்டக்கா. என்னைவிடப் பத்து வயது சின்னவர், எனக்கும் லிஃப்ட்டக்காதான். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்து அறையில் நான் புத்தகம் பைண்டிங் செய்கிறேன். உதிரிபாகம் ஏதாவது வரவேண்டியிருந்து காத்திருக்க நேர்ந்தால் என் மேசையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவர் எழுதப்போவது மாலைநேரச் சட்டக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு. அதில் சட்டம் எதுவும் கேட்பதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை வாதிடுகிறார். அந்த வாதம் எங்கே நிற்கிறது, எங்கே நொண்டுகிறது, எதைச் சேர்த்தால் நிமிரும், எதைச் சொன்னால் விழும். இவ்வளவுதான் கேள்வி. ஐம்பது கேள்விகள், எழுபது நிமிஷம், முப்பத்தெட்டு சரியாக இருக்க வேண்டும். ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம் என்பது கல்லூரியின் விதி. லிஃப்ட்டக்கா முதல் முறை இருபத்தேழு வாங்கினார். இரண்டாம் முறை முப்பத்தாறு. இந்த மூன்றாவதிலும் தவறினால் பிறகு அந்த வாசல் இல்லை.

எங்களுக்குள் பழக்கம் உண்டானது ஒரு விசித்திரமான வேலையால். தடிமனான பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இதைப் பிரிச்சுக் குடுங்கண்ணே.”

“பைண்டிங் பண்ணணுமா?”

“பிரிக்கணும். ஒன்பது துண்டா.”

இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காரணம் சொன்னார். புத்தகம் முழுதாக இருந்தால் பையில் நுழையாது. பையில் இல்லாதது கையில் இருக்காது. அவருக்குக் கிடைப்பதெல்லாம் உதிரி நேரம்: மோட்டார் சூடு ஆறும் வரை, வாட்ச்மேன் சாவி தேடும் வரை, மூன்றாம் மாடிக்காரர் அலமாரி ஏற்றி முடிக்கும் வரை. முதுகை வெட்டி, ஒன்பது மெல்லிய சுவடிகளாகத் தைத்து, முரட்டு அட்டை போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் முதல் சுவடி திரும்பி வந்தது, தையல் விட்டுப்போய். ஒவ்வொரு பக்கத்திலும் வலது கீழ்மூலையில் கருப்பாக ஒரு கட்டைவிரல். எண்பத்திரண்டு பக்கம், எண்பத்திரண்டு கட்டைவிரல். ஒரு பக்கம் தப்பவில்லை.

அவர் கேள்விகளை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சிறிய தொடுப்பு இருக்கிறது. கதவு சரியாக மூடினால் அது தொடும். மின்சாரம் அடுத்த மாடிக்குப் போகும். ஏழு கதவும் தொட்டால்தான் லிஃப்ட் நகரும். எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடும்போது, மெக்கானிக்குகள் சின்ன ஒயர் ஒன்றால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடுவார்கள். அதற்கு ஜம்பர் என்று பெயர். ஜம்பர் போட்டால் லிஃப்ட் ஓடிவிடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும். அதுதான் ஆபத்து.

“கேள்வி தயாரிக்கறவனும் அதைத்தான் பண்றான்” என்று ஒரு கேள்வியைக் காட்டினார். ஓர் ஊரில் நூலகத்தை மாலை ஆறு மணிக்கு மூடுவார்கள். எட்டு மணி வரை நீட்டித்தார்கள். அந்த வருஷம் இரவல் போன புத்தகங்கள் இரட்டிப்பாயின. ஆகையால் அந்த ஊர்க்காரர்களுக்கு மாலையில் வந்து புத்தகம் எடுப்பதுதான் வசதி என்று கேள்வி முடிகிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நூலகங்களுக்கு பைண்டிங் செய்து பிழைக்கிறவன் நான்; சந்தோஷமாகக்கூட இருந்தது.

“கூடுதலாப் போன புஸ்தகம் ஆறு மணிக்கு மேலதான் போச்சுன்னு எங்கண்ணே இருக்கு?”

திரும்பப் படித்தேன். இல்லை.

“இங்க ஒயர் விட்டுப் போயிருக்கு. அவன் சத்தமில்லாம ஜம்பர் போட்டு ஓட்டிட்டான். நீங்களும் ஏறி உக்காந்துட்டீங்க.”

ஒரு விடை உண்மையிலேயே வாதத்துக்குத் தேவையா என்று பார்க்க அவரிடம் ஒரு சோதனை இருந்தது. அந்த வாக்கியத்தைப் பொய் என்று வைத்துக்கொள்வார். அப்படி வைத்த உடனே வாதம் படுத்துவிட்டால் அது தேவையான ஒயர். ஒன்றும் ஆகவில்லை என்றால் சும்மா தொங்குகிற ஒயர். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாதக்கணக்கில் இப்படிச் செய்துகொண்டிருந்த பிறகு, ஏழாவது சுவடியின் கடைசியில் ஆசிரியர் அதே வழியைப் பெரிய தலைப்புப் போட்டு விளக்கியிருந்ததைப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். “இதை முதல் பக்கத்துல போட்டிருந்தா என்னவாம்?” என்றார்.

அவரோடு பழகிய பிறகு எனக்கு நிம்மதியாகச் செய்தித்தாள் படிக்க முடிவதில்லை. ஒவ்வொரு பத்தியிலும் எங்கேயோ ஒரு கதவு திறந்து கிடக்கிறது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் அவர் கணவரின் சலூன். இரண்டு நாற்காலி, நீளமான ஒரு கண்ணாடி, வாய் மூடாத ஒரு மனிதர். மனைவியை ‘வக்கீலம்மா’ என்றுதான் கூப்பிடுவார். முதல் தோல்விக்குப் பிறகும் அதை விடவில்லை. விட்டால்தான் தோற்றதாக அர்த்தம் என்பார். மத்தியானம் லிஃப்ட்டக்கா அங்கே சாப்பிட வரும்போது இவர் சுவடியை எடுத்து வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டுவார். நான் முகம் மழிக்கப் போயிருந்த அன்றும் அது நடந்தது.

“கேளுங்க சார். ‘இந்த ஊரில் தினமும் சைக்கிள் ஓட்டுகிற முதியவர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். ஆகையால் சைக்கிள் ஓட்டுவது முதியவர்களுக்கு ஆரோக்கியம் தரும்.’ இதுல என்ன ஓட்டை?”

நாற்காலியில் இருந்தவர் முகம் முழுக்க நுரையோடு, “ஓட்டை என்ன ஓட்டை, சரியாத்தானே சொல்றான்?” என்றார்.

பெஞ்சில் காத்திருந்தவர், “கீழ விழுந்தா?” என்றார்.

“அது கேள்வியில இல்ல சார். கேள்விக்குள்ள நில்லுங்க” என்றார் சலூன்காரர், ஏதோ தானே கேள்வி தயாரித்தவர் போல.

மூலையில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த லிஃப்ட்டக்கா தலை நிமிரவில்லை. “மூட்டு வலியில படுத்திருக்கறவர் சைக்கிள்ல ஏறுவாரா சார்?”

நாற்காலிக்காரர் வாயைத் திறந்தார். நுரை உள்ளே போய்விட்டது.

“பேசாதீங்க, கத்தி கையில இருக்கு” என்றார் சலூன்காரர். “இப்பப் புரியுதா வீட்ல என் கதி? நான் ‘ஆகையால’ன்னு ஆரம்பிச்சாலே இவ கரண்டியைக் கீழ வெச்சுட்டுத் திரும்பிப் பாக்கறா.”

“நீங்க மட்டும் என்னவாம். போன வாரம் என்ன சொன்னீங்க? ‘குடை எடுத்துட்டுப் போனேன், மழை வரல. ஆகையால குடை எடுத்துட்டுப் போனா மழை வராது.’”

“அனுபவத்துல சொன்னேன்!”

“அனுபவத்தைத்தான் இந்தப் புஸ்தகம் எழுநூறு பக்கத்துக்குக் கிழிக்குது.”

கட்டடத்துக்காரர்களிடமும் அவர் இதே ஆள்தான். ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, “கதவுதான் மூடியாச்சே, ஏன் ஓடல?” என்று சத்தம் போட்டார். லிஃப்ட்டக்கா பணிவாகச் சொன்னார்: “சார், கண்ணாடி போட்டாத்தான் உங்களால படிக்க முடியும். போட்டுட்டதால படிச்சு முடிச்சதா அர்த்தமா?” தலைமையாசிரியர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். பிறகு படியேறிப் போய்விட்டார். மறுநாள் என்னிடம் வந்து, அந்தப் பெண் எதுவரை படித்திருக்கிறது என்று விசாரித்தார். பள்ளி முடித்து, தொழிற்பயிற்சி இரண்டு வருஷம் என்றேன். “அப்படியா” என்றவர், சற்று நின்று, “அப்படியா” என்று மறுபடியும் சொன்னார்.

இப்படிப்பட்டவர் இரண்டாம் முறை ஏன் தோற்றார்? மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து காட்டினார். முப்பத்தொன்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி முப்பத்தாறு சரி. பதினொரு கேள்விகளைத் தொடவே இல்லை. நேரம் போய்விட்டது. நேரம் எங்கே போனது என்பதையும் அவரே கண்டுபிடித்தார், பழுதைக் கண்டுபிடிக்கிற மாதிரி, ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு விநாடி என்று ஒரு வாரம் குறித்துப் பார்த்து. கேள்வி கொடுக்கிற தகவலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“‘இந்த நகரத்துத் தெருப்பூனைகளில் எண்பது சதவீதம் பகலில் தூங்குகின்றன’ன்னு ஆரம்பிக்கறான். யாருண்ணே எண்ணினது? பூனை வரிசையில நின்னு கையெழுத்துப் போடுமா?”

அவர் தொழில் அப்படி. மூன்றாம் மாடியில் நின்றுவிட்டது என்று போன் வரும்; போய்ப் பார்த்தால் ஐந்தில் நிற்கும். திடீரென்று நின்றது என்பார்கள். ஒரு வாரமாகக் கிரீச்சிட்டிருக்கும். யாரும் உள்ளே இல்லை என்பார்கள். உள்ளே இருந்து தட்டுவார்கள். “சொல்றவங்க வாயை நம்பியிருந்தா இந்நேரம் எனக்குப் பத்து விரல் இருந்திருக்காதுண்ணே” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்தும் இருந்தன. எதையும் நம்பாமல் நேரில் பார்த்தே தீர வேண்டும் என்ற அந்தப் பழக்கம் இருபத்தோரு வருஷமாக அவரை உயிரோடு வைத்திருந்தது. பரீட்சையில் அதே பழக்கம் பதினொரு கேள்விகளை விழுங்கிவிட்டது. அங்கே கொடுத்த தகவலை உண்மையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடத்தை மட்டும்தான் சந்தேகப்படலாம்.

வழி சொன்னது சலூன்காரர்தான், ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது.

“ஒருத்தர் வந்து மீசையை எடுன்னு சொன்னா நான் என்ன பண்றேன்? எடுக்கறேன். ‘ஏன் சார் எடுக்கறீங்க, நல்லாத்தானே இருக்கு, பொண்டாட்டி சொன்னாங்களா’ன்னு விசாரிச்சுட்டு இருந்தா கடை நடக்குமா? மீசை அவர் சொல்றது. வெட்டு நேரா இருக்கான்றது மட்டும்தான் என் பொறுப்பு.”

லிஃப்ட்டக்கா மெல்லுவதை நிறுத்தினார். பிறகு ஒன்பது சுவடிகளின் முதல் பக்கத்திலும் பென்சிலால் எழுதினார்: ‘சொன்னதை நம்பு. சேர்த்ததை நம்பாதே.’ எழுதிவிட்டார், பழகுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. மேசையோரத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி, எண்பது சதவீதம். சரி, தூங்குது. நீ எண்ணினதாவே இருக்கட்டும்” என்று காகிதத்துக்கு விட்டுக்கொடுப்பதை எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். நம்பாமல் இருக்க ஆட்கள் பழகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நம்புவதற்கு ஒருவர் இவ்வளவு பாடுபட்டுப் பயிற்சி எடுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சட்டம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவராக ஒருநாள் சொன்னார். அவரோடு வேலை பார்த்த ஒருவர், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவர், ஒரு கட்டடத்தில் திங்கட்கிழமை பராமரிப்பு முடித்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை அந்த லிஃப்ட் தளமட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. இறங்கிய பெண்மணி தடுக்கி விழுந்து கால் முறிந்தது. விசாரணை நடந்தது. திங்கட்கிழமை கை வைத்தவர் இவர், செவ்வாய்க்கிழமை கோளாறு, எனவே இவர்தான் காரணம் என்று மூன்று வரியில் முடித்தார்கள். சாட்சி சொல்ல லிஃப்ட்டக்கா போயிருந்தார்.

“அதுல எங்கயோ விட்டுப்போயிருக்குன்னு எனக்குத் தெரியும்ணே. உடம்பெல்லாம் தெரியுது. வாய்ல வரல. ‘நெட்டையண்ணன் ரொம்ப நல்லவர் சார், பதினெட்டு வருஷ சர்வீஸ் சார்’ன்னேன். அந்த அதிகாரி, ‘அவர் நல்லவரான்னு இங்க யாரும் கேக்கலம்மா’ன்னாரு.” டெஸ்டரைப் பைக்குள் செருகிக்கொண்டார். “அவர் சொன்னது சரி. யாரும் கேக்கல. கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல.”

நெட்டைக்கு வேலை போயிற்று. இப்போது ஒரு வணிக வளாகத்தில் வண்டிகளுக்கு இடம் காட்டுகிறார். பார்க்கும்போதெல்லாம் லிஃப்ட்டக்காவைத்தான் நலம் விசாரிக்கிறாராம்.

மூன்றாவது பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கேள்வித்தாளைக் கையோடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை அதை என் மேசையில் வைத்து, முப்பத்தொன்றாம் கேள்வியைப் புரட்டிக் காட்டினார்.

“படிங்கண்ணே. சத்தமாப் படிங்க.”

படித்தேன். “‘ஒரு லிஃப்டின் கயிறு அறுந்தால் அந்த லிஃப்ட் கீழே விழும். நேற்று இந்தக் கட்டடத்தின் லிஃப்ட் கீழே விழவில்லை. இவை உண்மையென்றால், கீழ்க்கண்டவற்றுள் எது கட்டாயம் உண்மை?’”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“கயிறு அறுந்தா விழும்னு எவண்ணே சொன்னது? முதல்ல ஒரு கயிறு இல்ல, அஞ்சு. ஒண்ணே போதும் தாங்கறதுக்கு. அஞ்சும் போனாக்கூட அடியில சேஃப்டி இருக்கு. வேகம் கூடின உடனே ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்கும். இருபத்தோரு வருஷமா அதைத் துடைக்கறேன், எண்ணெய் விடறேன், சோதிச்சுப் பாக்கறேன். இத்தனை ஜனம் பயமில்லாம ஏறி இறங்குதே, எதை நம்பி?”

விடைகளைப் பார்த்தேன். இரண்டாவது: ‘லிஃப்டின் பாதுகாப்புக் கருவி அதைப் பிடித்து நிறுத்தியது.’ மூன்றாவது: ‘நேற்று லிஃப்டின் கயிறு அறுந்துபோகவில்லை.’

“முப்பது கேள்வி வரைக்கும் பறந்து வந்தேன். இதைப் பாத்ததும் கை நின்னுபோச்சு. பென்சில் தானா ரெண்டாவதுகிட்டப் போகுது. ரெண்டாவதுதான் என் வேலை. மூணாவது...” காகிதத்தில் அந்த வரியை விரலால் தட்டினார். “அவன் சொன்னதை நம்பினா மூணாவதுதான் வரும். வேற எதுவும் வராது. சுத்தமான சேர்ப்பு. ஒரு ஓட்டை கிடையாது. அடியில இருக்கறது மட்டும் பொய்.”

“எதைப் போட்டீங்க?”

“நாப்பது செகண்ட் உக்காந்திருந்தேன். மூணாவதைப் போட்டேன். போட்டுட்டு அடுத்த கேள்வியைப் பாத்தா எழுத்தே தெரியல.”

“அழுகையா?”

“சீ. கோபம்.”

ஐம்பதையும் முடித்தபோது மூன்று நிமிஷம் மிச்சம் இருந்ததாம். அந்த மூன்று நிமிஷத்தையும் முப்பத்தொன்றோடுதான் கழித்திருக்கிறார். “ரப்பரைக் கையில எடுத்தேன்” என்றார்.

“ஐயையோ, அழிச்சிட்டீங்களா?”

“எடுத்தேன்னுதானே சொன்னேன். அழிச்சேன்னு சொன்னேனா?”

அந்த வாரமே தேர்வு நடத்துகிற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். என்னிடம் நல்ல காகிதம் வாங்கி, என் மேசையில் உட்கார்ந்து, மூன்று மத்தியானங்கள் எழுதினார். முதல் வரி: ‘ஐயா, நான் இருபத்தோரு வருடங்களாக லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன்.’ அதற்குக் கீழே, முப்பத்தொன்றாம் கேள்விக்கான விடையைக் குறைசொல்ல வரவில்லை, மதிப்பெண் எதையும் மாற்ற வேண்டியதில்லை, கேள்வியில் உள்ள முதல் வாக்கியம் மட்டும் உலகத்தில் உண்மையல்ல, படிக்கிறவர்கள் லிஃப்டில் ஏறப் பயப்படுவார்கள் என்று நிதானமாக விளக்கியிருந்தார். பக்கத்தில் ஒரு படம். கயிறுகள், தண்டவாளம், கடிக்கும் பல். அளவுகோல் வைத்து வரைந்த படம். ஒரு கோடு கூடுதல் இல்லை.

சலூன்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, “உடனே போட்டுடு” என்றார்.

“ரிசல்ட் வரட்டும். அதுக்கு முன்னாடி போட்டா மார்க்குக்குக் கெஞ்சற மாதிரி இருக்கும்.”

“ஃபெயிலாயிட்டா?”

“புலம்பற மாதிரி இருக்கும்.”

“பாஸானா?”

“திமிர் மாதிரி இருக்கும். அதைத் தாங்கிக்கலாம். எது வந்தாலும் அனுப்பணும், தப்பு தப்புதானே.” கடிதத்தை என் அலமாரியில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை முற்பகல், சலூன்காரர் கையில் பிரஷ்ஷோடு சாலையைக் கடந்து ஓடிவந்தார். இடது லிஃப்ட் வேலையில் நின்றிருந்தது. வலது லிஃப்டை யாரோ மேலே கொண்டுபோயிருந்தார்கள். காத்திருக்க மனமில்லாமல் படியில் பாய்ந்தார். நானும் பின்னால் போனேன். ஆறாம் மாடியில் கதவு திறந்து தடுப்புக் கட்டை போட்டிருந்தது. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடி லிஃப்ட்டக்கா இருட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே நிற்கும்போது அவர் போனை எடுப்பதில்லை.

“நாப்பத்தொண்ணு!” என்று கத்தினார் சலூன்காரர். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

“என்ன நாப்பத்தொண்ணு?”

“மார்க்கு! வக்கீலம்மா, மார்க்கு! உன் நம்பர் லிஸ்ட்ல இருக்கு!”

உள்ளே ஸ்பானர் சத்தம் நின்றது.

“நம்பர் எது? ஒவ்வொண்ணாப் படிங்க.”

போனைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். ஒவ்வொன்றையும் உள்ளிருந்து அவர் திரும்பச் சொன்னார். எட்டு இலக்கம். எட்டாவதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். சலூன்காரர் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் சோப்பு நுரை.

“கீழ போங்க” என்றது குரல். “யாரையோ பாதி ஷேவிங்ல விட்டுட்டு வந்திருக்கீங்க.”

“எப்படித் தெரியும்?”

“பிரஷ் காயல.”

நாற்பது நிமிஷம் கழித்துத்தான் இறங்கி வந்தார். அந்த வேலைக்கு அவ்வளவு நேரம் ஆகும். கையை மரத்தூளும் சோப்பும் போட்டுக் கழுவி, நகக்கண் வரை துடைத்துக்கொண்டு மேசையோரத்தில் உட்கார்ந்தார். கேட்காமலே கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“பாஸானதையும் மேல ஒரு வரி சேத்துடுங்க. சொல்றது யாருன்னு தெரிஞ்சா மதிச்சுப் படிப்பாங்க” என்றேன்.

அவர் கடிதத்தை விரித்தார். உதடு அசைய ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தார். படத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மறுபடியும் மேலே போய், முதல் வரியிலேயே நின்றார். பத்து விநாடி, பதினைந்து விநாடி, அதற்கும் மேலே.

“பேனா குடுங்கண்ணே.”

கொடுத்தேன். என் இரும்பு அளவுகோலையும் இழுத்துக்கொண்டார். ‘நான் இருபத்தோரு வருடங்களாக’ என்று தொடங்கும் அந்த வரியின்மேல் அதை நேராக வைத்து, “நான் யாருன்னு அங்க யாரும் கேக்கலண்ணே” என்று சொல்லி, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஒரே கோடாக அடித்தார்.